மாஸ்டர் கையைத் தூக்கினால்

என் வாழ்க்கையில் எத்தனை பேரை வெட்டிச் சாய்த்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், மாதுங்காவில் எங்கள் வீட்டு ஹாலில், ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி செய்த கொலைகள். வாரம் முழுவதும் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேனேஜரிடம் திட்டு வாங்குவேன். ஞாயிறு வந்தால் நான் இரட்டைக் கோடரி ஏந்திய வீரன். எதிரில் வருகிற அரக்கர்களுக்கெல்லாம் மனதுக்குள் மேனேஜரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டுத்தான் கோடரியை ஓங்குவேன். அதில் கிடைத்த நிம்மதி எனக்கு எந்தக் கோயிலிலும் கிடைத்ததில்லை.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வோம். குகைக்குள் நுழைவது, பாலத்தைத் தாண்டுவது, சண்டை போடுவது எல்லாம் வாயால்தான். ஓங்கிய அடி விழுந்ததா தப்பியதா என்பதை மட்டும் இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். கதை சொல்பவருக்கு மாஸ்டர் என்று பெயர். எங்கள் மாஸ்டர் தாராவியிலிருந்து வந்த ஒரு பெண். அவளுக்கு வீட்டில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு, நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தாராவியிலிருந்து மாஸ்டர் வருகிறாள் என்று நான் சொன்னதைக் கேட்டு, டெய்லர்தான் வருகிறாள் என்று அம்மா ரவிக்கைத் துணியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மாஸ்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. சண்டை உச்சத்தில் இருக்கும். என் கோடரி ஓர் அரக்கனின் கழுத்தில் இறங்கியிருக்கும். நான் ஜமக்காளத்தின் மேல் எழுந்து நின்று கத்திக்கொண்டிருப்பேன். அப்போது பார்த்து வலது கையைத் தூக்குவாள். டிராபிக் போலீஸ்காரர் தோற்றார்.

"நில்லு. இப்ப என்ன கேக்குது?"

"என்ன கேக்கும்? செத்துட்டான். அவ்வளவுதான்."

"செத்தது சரி. குகைக்குள்ள இப்ப என்ன சத்தம் கேக்குதுன்னு கேட்டேன்."

சொல்லாமல் விடமாட்டாள். பந்தம் எரிகிற சத்தம் என்போம். அப்புறம் என்பாள். தண்ணீர் சொட்டுகிறது என்போம். அப்புறம் என்பாள். எங்களோடு விளையாடிய காலேஜ் பெண் ஒருத்தி, வாய் சும்மா இருக்காமல், "உள்ள யாரோ அழற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். போச்சு. அன்றைக்கு மத்தியானம் முழுவதும் அரக்கனின் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அதன் அத்தை வீட்டைத் தேடி மலை மலையாக அலைந்தோம். நான் வெட்டுவதற்காக வந்தவன். எனக்கு ஆயா வேலை கொடுத்துவிட்டாள்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பாள். "கொன்னு முடிச்சாச்சோ? காப்பி ஆறிப்போறது."

"இன்னும் இல்லை மாமி. கேட்டு முடிக்கல" என்பாள் மாஸ்டர்.

சயானில் காது மெஷின் விற்கிற ஒரு கடையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சன்னமான பீப் ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டறைகளில் வேலை செய்து காதைத் தொலைத்தவர்கள். கேட்காதபோதும் கௌரவத்துக்காகப் பட்டனை அமுக்குகிறவர்களை அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாளாம். "இல்லாத சத்தத்துக்கு அமுக்கினா மண்டை லேசா ஆடும்" என்பாள். பகலெல்லாம் இப்படிக் காதுகளைச் சோதிக்கிற பெண், சாயங்காலம் ஆனால் ஊரார் காதைக் கெடுக்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தாள். இதைச் சொல்லி நாங்கள் செய்யாத கேலி கிடையாது. உன் கடைக்கு நீயே ஆள் பிடிக்கிறாய் என்போம். சிரிப்பாள். சிரிப்புக்குக்கூடச் சத்தம் வராது.

காதைக் கெடுக்கிற அந்த வேலைக்கு இண்டஸ்ட்ரியல் மியூசிக் என்று பெயர். ராகம், தாளம் என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். மெஷின் இரைச்சல், இரும்பில் இரும்பு அடிக்கிற ஓசை, சங்கிலி இழுபடுவது, நடுநடுவே யாராவது தொண்டை கிழியக் கத்துவது. அவள் தன் கல்லியில், அதாவது வீட்டுச் சந்தில், ஓடும் பிளாஸ்டிக் அரவை மெஷினை விதவிதமாகப் பதிவு செய்து, அதை வெட்டி ஒட்டி, ஒரு டப்பாவுக்குள் வைத்திருந்தாள். டப்பாவில் வரிசையாகத் திருகுகள். அவள் அதைத் திருகினால் நெஞ்செலும்பு அதிரும்.

செம்பூரில், மூடிப்போன ஒரு கம்பெனியின் கோடவுனில் மாதம் ஒருமுறை சாயங்காலம் கச்சேரி நடக்கும். கச்சேரி என்று சொன்னால் மாதுங்கா சபாக்காரர்கள் என்னை உதைப்பார்கள். கறுப்பு டீ-ஷர்ட் போட்ட பையன்களும் பெண்களும் வந்து தலையை ஆட்டுவார்கள். சுவரில் எரிகிற நகரமும் ரத்தமுமாகப் படம் ஓடும். எல்லோரும் சாதுக்கள். சாஃப்ட்வேர் ஆட்கள், சி.ஏ. படிக்கிறவர்கள், வீட்டில் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காதவர்கள். அந்தக் கோடவுனில் வேலை செய்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்ட இரைச்சலை இவர்கள் டிக்கெட் வாங்கிக் கேட்டார்கள். நானும் வாங்கினேன். உள்ளே நிற்கும்போது மேனேஜரின் குரல் ஒரு துளிகூட மண்டைக்குள் கேட்காது. அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அங்கேயும் அவள் அதைத்தான் செய்தாள். இரைச்சல் ஏறி ஏறி, இனி கூரை பிய்த்துக்கொள்ளும் என்கிற இடத்தில், கையைத் தூக்குவாள். இன்னொரு கை ஸ்விட்சை அணைக்கும். எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டிய தலை பாதியிலேயே நிற்க நிற்பார்கள். யாரோ இருமுவது கேட்கும். வெளியே ஹார்பர் லைன் ரயில் போவது கேட்கும். அவள் தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். பிறகு, சரி, ஒன்றுமில்லை என்பதுபோல ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடியும் ஸ்விட்சைப் போடுவாள்.

ரசிகர்கள் இதற்குப் பெரிய பெரிய வியாக்கியானம் சொன்னார்கள். மௌனத்தையே ஆயுதமாக்குகிறாள் என்று தாடிக்காரர் ஒருவர் இணையத்தில் நீளமாக எழுதினார். நானும் என் பங்குக்கு சூனியம், பூர்ணம் என்று இரண்டு பக்கம் எழுதி அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லா எழுதுத. ஆனா அதெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றாள்.

"பின்னே எதுக்கு நிறுத்தறே?"

"காதுக்கு ரெஸ்டு."

தேவ்நாரிலிருந்து வரும் நண்பன் ஒருவன் எங்கள் விளையாட்டில் மந்திரவாதி. கோடவுனில் அவள் பக்கத்தில் நின்று கீபோர்டு தட்டுகிறவன். ஒருமுறை அவன் எங்கிருந்தோ ஒரு பெண்ணின் அலறலை எடுத்து வந்திருந்தான். மெஷின் இரைச்சலுக்கு நடுவே அதைச் செருகினால் அள்ளும் என்றான். நிகழ்ச்சிக்கு முன்னால் போட்டும் காட்டினான். எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்தது.

"யாரு இது?" என்றாள் மாஸ்டர்.

"யாருன்னா? ஸாம்பிள். நெட்ல கிடைச்சது."

"எதுக்குக் கத்துறா?"

"அட, எஃபெக்டுக்குப்பா. நடிச்சிருப்பா."

"நடிச்சிருப்பாளா, நடிச்சாளா?"

அவனுக்குத் தெரியவில்லை. அவள் அவனுடைய ஒயரைப் பிடுங்கி, ஒழுங்காகச் சுருட்டி, அவன் கையில் கொடுத்தாள். அன்றைக்கு அவன் கீபோர்டு இல்லாமல் சும்மா நின்று தலையை ஆட்டினான். இவ்வளவு ரத்தத்தையும் நெருப்பையும் சுவரில் ஓடவிட்டுவிட்டு ஓர் அலறலுக்கு இத்தனை ஆசாரமா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டும் இதில் நேரடிச் சண்டை. அம்மா மிக்ஸி போட்டால் மாஸ்டர் ஜமக்காளத்திலிருந்து எழுந்து போவாள். ஸ்விட்சை அணைத்துவிட்டு நிற்பாள்.

"ஏண்டி நிறுத்தினே? சட்னி அரையலே."

"ஒரு நிமிஷம் மாமி."

"என்னத்தைக் கேக்கறே நீ?"

"ஒண்ணுமில்ல. போடுங்க."

அம்மா என்னிடம் தனியாக, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது பயந்த கோளாறோ, மந்திரிச்சுவிட்டால் தேவலை என்றாள். ஆனாலும் அவள் வருகிற நாட்களில் தேங்காய்ச் சட்னி இரண்டு கரண்டி கூடவே அரைப்பாள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்குப் பாலக்காட்டிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து இறங்கிவிட்டது. ஹாலில் கால் வைக்க இடமில்லை. எங்க வீட்டுக்கு வாங்களேன் என்றாள் மாஸ்டர். மாதுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம். ஆனாலும் அதுவரை நான் உள்ளே போனதில்லை. மாதுங்காக்காரர்கள் பலரும் அப்படித்தான், அமெரிக்காவுக்குப் போயிருப்போம், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் போயிருக்கமாட்டோம்.

இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய கல்லி. கீழே வீடு, அதன் மேல் இரும்பு ஏணி வைத்து இன்னொரு வீடு. மாஸ்டரின் வீடு மேலே. எதிரே கீழ்த்தளத்தில்தான் அந்த அரவை மெஷின். பட்டறை உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு பெரியவருடையது. கல்லியே அவரைச் சாச்சா என்று கூப்பிட்டது. காலையில் ஆரம்பித்தால் இருட்டும் வரை உடைந்த வாளியும் நாற்காலியும் அதற்குள் போய்க்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் சுட்டி, அதாவது லீவு, சாச்சா தொழுகைக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் கல்லியில் யாரும் சாதாரணமாகப் பேச முடியாது, கத்தத்தான் வேண்டும். கத்திக் கத்திப் பழகி, வெள்ளிக்கிழமை மெஷின் நின்றிருக்கும்போதும் அதே குரலில்தான் பேசுவார்களாம். அன்றைக்கு எல்லார் வீட்டு ரகசியமும் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று மாஸ்டர் முன்பே சொல்லியிருந்தாள்.

நான் ஏணியில் ஏறியபோது டப்பாவுக்குள் கேட்ட அந்த இரைச்சல் அசலாக வந்து மேலே மோதியது. டிக்கெட் இல்லாமல். பத்து நிமிஷம் பிரமாதமாக இருந்தது. அப்புறம் தலைவலித்தது.

நாங்கள் உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு தட்டில் அதிரசம் கொண்டுவந்தாள். முப்பது வயது இருக்கும். நெல்லைப் பக்கத்து முகம், வாய் நிறையச் சிரிப்பு. மாஸ்டர் அவளை மதினி என்று கூப்பிட்டாள். மதினி எங்கள் பகடையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் கேட்டாள்.

"ஏளா, இத உருட்டுனா என்னாவும்?"

"அடி விழுமா விழாதான்னு சொல்லும் மதினி."

"விழாமலும் போகுமா?"

"ஒண்ணு வந்தா விழாது."

மதினி அதை உள்ளங்கையில் வைத்து ஊதி உருட்டினாள். பதினேழு. இன்னொரு முறை. பன்னிரண்டு. இன்னொரு முறை உருட்டினாள். "ஒண்ணு வரவே வராதோ" என்று சிரித்துக்கொண்டே எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். எங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

ஆட்டம் சூடு பிடித்தது. மாஸ்டர் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக எங்கள் எதிரில் உட்காராமல், மதினி வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் பொதுவாக இருந்த சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது உள்ளங்கை சுவரில் பதிந்திருந்தது. வலது பக்கத்தில், பகடைக்கு அருகே, ஒயர் கோத்த ஒரு காலிங் பெல் ஸ்விட்ச். மேஜை விளக்குக்கானது என்று நினைத்துக்கொண்டேன். மேஜையும் இல்லை, விளக்கும் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

நான் ஒரு கோட்டைத் தலைவனின் மார்பில் காலை வைத்துக் கோடரியை ஓங்கியிருந்தேன். சுவரில் பதிந்த உள்ளங்கையில் ஏதோ அதிர்ந்ததுபோல மாஸ்டரின் முகம் மாறியது. கையைத் தூக்கினாள். நான், பந்தம் எரிகிறது, தண்ணீர் சொட்டுகிறது என்று வழக்கமான பதிலை ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இறக்கிய கை ஸ்விட்சை அமுக்கியது.

எதிரே சாச்சாவின் பட்டறைக்குள் ஒரு சிவப்பு பல்பு எரிந்தது. அடுத்த கணம் அவர் மெயினை இழுத்தார். மெஷின் நின்றது.

அந்த அமைதியை நான் செம்பூரில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே இருமலும் ரயிலும்தான் கேட்டிருந்தன. இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆணின் குரல், பாதி வசவில், கல்லி முழுவதற்கும் கேட்கும்படி ஓங்கி ஒலித்தது. கூடவே ஒரு அறை. ஒரு பாத்திரம் உருண்டு உருண்டு, சுற்றி, அடங்கியது. ஒரு பெண், அம்மா என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அந்தப் பக்கமும் அமைதியானது. அவனுக்கே தன் குரல் கேட்டுவிட்டது.

தேவ்நார்க்காரன் எழுந்தான். போய் நாலு போடலாம் என்றான். நானும் எழுந்தேன். ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். வாரா வாரம் கோட்டைகளைப் பிடித்தவன் நான்.

"உக்காருங்கல ரெண்டு பேரும்" என்றாள் மாஸ்டர். "நீங்க நாலு போட்டா, நீங்க போனப்புறம் மதினிக்கு எட்டு விழும்."

எழுந்து அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"மதினி, கொஞ்சம் சீனி இருக்கா?"

கதவு திறந்தது. மதினி வந்து நின்றாள். கன்னம் சிவந்திருந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு, "இரி, தாரேன்" என்று உள்ளே போனாள். அவள் திரும்பி வருவதற்குள் கீழ்வீட்டுப் பெண் ஏணியில் ஏறி வந்துவிட்டாள், கையில் கிண்ணம். அவளுக்குப் புளி வேண்டுமாம். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. உப்பு. கல்லிக் கோடியிலிருந்து ஒரு கிழவர் மூச்சு வாங்க ஏறி வந்து தீப்பெட்டி கேட்டார். சாச்சாவும் தூசி படிந்த முகத்தோடு ஏணியின் பாதியில் நின்று, ஒரு சொம்பை நீட்டி, "பாபி, தோடா பானி மிலேகா?" என்று தண்ணீர் கேட்டார். பட்டறைக்குள் அவருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் இருந்தது.

யாரும் அந்த ஆளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. யாரும் கதவை மூடவும் விடவில்லை. அவன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. இவன் அப்படி இல்லை. கல்லியில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து தோள் கொடுக்கிறவன் அவன்தான் என்று பிறகு சொன்னார்கள். மெஷின் ஓடும்போது மட்டும்தான் அவன் வேறு ஆள்.

மாஸ்டர் திரும்பி வந்து என் கையில் ஒரு காலிக் கிண்ணத்தைக் கொடுத்தாள்.

"நீயும் போ."

"நானா? நான் என்ன கேக்க?"

"எதையாவது கேளு. வரிசை அறுந்துடக் கூடாது."

போனேன். என் முறை வந்தது. உப்பு, புளி, சீனி எல்லாம் கேட்டாகிவிட்டது. மதினி என்னைப் பார்த்தாள். என் வாயில் வந்தது இதுதான்.

"கொஞ்சம் பெருங்காயம்..."

மதினி ஒரு கணம் விழித்தாள். பிறகு வீங்கிய கன்னத்தோடு சிரித்தாள். வலித்திருக்க வேண்டும், கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "ஏளா, மாதுங்கா புள்ள பெருங்காயம் கேக்கு" என்று எனக்குப் பின்னால் இருந்தவர்களிடம் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள். உள்ளே போய் ஒரு சின்னக் கட்டியை உடைத்து எடுத்து வந்து, என் கிண்ணத்தில் போட்டாள். அது கிண்ணத்தின் அடியில் உருண்டு ஓசைப்பட்டது. அந்த ஓசை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் எங்களைப் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட வந்தாள். தொண்ணூறடி ரோட்டில் நடந்துகொண்டே அவளாகவே சொன்னாள்.

"நான் முதல்ல ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்குனேன். மத்த நாள் மெஷின் ஓடுது, என் சத்தம் எனக்கே கேக்காது. அதனால வெள்ளிக்கிழமை சுட்டியில, கடையிலருந்து வந்ததும், கதவைச் சாத்திட்டு ஃபுல் வால்யூம்ல பிராக்டிஸ் பண்ணுவேன். அவ்வளவு சொகமா இருக்கும். நான் எங்கேயோ இருப்பேன். ஒருநாள் மதினி வந்தாவ. வெள்ளிக்கிழமை மட்டும் அந்தச் சத்தம் வேண்டாமே தாயி, அந்த ஒரு நாளாவதுன்னு சொன்னாவ. நான் தலைவலி போலன்னு நினைச்சு, மாத்திரை வேணுமான்னு கேட்டேன்."

எதிரே வந்த கைவண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டாள்.

"அவியளுக்கு வாரத்துல ஒருநாள் அடி கிடையாது. சத்தம் வெளியே கேக்கும்லா, அதனால அவிய வீட்டு அண்ணன் கை ஓங்க மாட்டாவ. அந்த நாளையும் நான் எடுத்துட்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு. காது டெஸ்ட் பண்ணுறவ நான்."

அப்படியானால் இந்த மியூசிக், விளையாட்டு எல்லாவற்றையும் விட்டுவிடலாமே என்று தேவ்நார்க்காரன் கேட்டான். அவனுக்கு அந்த அலறல் நினைவு வந்திருக்க வேண்டும்.

"ஏன் விடணும்?" என்றாள். "எனக்கும் போறதுக்கு ஒரு எடம் வேணும்லா. இவனுக்கு மேனேஜரை வெட்டணும். வெட்டட்டும், பாவம். நடுவுல ஒருவாட்டி நிறுத்திக் கேட்டுக்கிட்டா போதும்."

மேனேஜர் விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீ சொல்லுற எல்லா அரக்கனும் கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டே சாவுறான். தெரியாதா?" என்றாள்.

அடுத்த ஞாயிறும் நான் கோடரியோடுதான் உட்கார்ந்தேன். திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அவள் கையைத் தூக்கி, என்ன கேட்குது என்றபோது, நான் முதல்முறையாகப் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன்.

மெஷின் அதன் பிறகும் பலமுறை நின்றது. சில வாரம் நிற்கவே இல்லை, சில வாரம் அடிக்கடி நின்றது. சாச்சாவுக்கு அதில் எவ்வளவு நஷ்டமோ, அவர் சொன்னதில்லை. கல்லியில் சும்மா கரண்ட் போனால்கூட மதினியின் கணவன் தூக்கிய தேநீர் கிளாஸைக் கீழே வைத்துவிடுகிறான் என்று மாஸ்டர் ஒருமுறை சொன்னாள். அதில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை. பயந்து அடிக்காமல் இருப்பதும் அடிக்காமல் இருப்பதும் ஒன்றா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா அவள் தட்டில் இன்னொரு தோசை போட்டாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீஸில் இருந்த என்னைப் போனில் கூப்பிட்டாள். முதல்முறையாக அவள் குரல் உரக்க இருந்தது.

"மதினி போயிட்டாவ. பெட்டியை எடுத்துக்கிட்டு ஏணியில நின்னு, நான் கோபர்கைரனேக்கு அக்கா வீட்டுக்குப் போறேன், இனி வரமாட்டேன், யாரும் தேட வேண்டாம்னு சொன்னாவ பாரு. மெஷின் ஓடும்போது பேசுற அதே குரல்ல. கல்லிக் கோடி வரைக்கும் கேட்டுச்சு. எல்லாரும் வெளியே வந்து நின்னாங்க. அண்ணன் வாசல்லயே நின்னாவ. சாச்சா பெட்டியை வாங்கிட்டுப் போய் ஆட்டோல வச்சாரு."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மேனேஜர் என் கேபினுக்கு வெளியே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஞாயிறு சண்டைகள் பிறகு மெல்ல நின்றுபோயின. காலேஜ் பெண் மேற்படிப்புக்குப் போனாள். தேவ்நார்க்காரனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாஸ்டருக்குப் புனேயில் வேலை கிடைத்தது. வாட்ஸ்அப் குரூப் இன்னும் இருக்கிறது, அதில் பிறந்தநாளுக்கு கேக் படம் வரும், அவ்வளவுதான். அந்தக் கை தூக்கலை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அவளைப் போல ஒரு ஆளை நான் அதன் பிறகு சந்திக்கவில்லை. சந்தித்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

இப்போது நாங்கள் இருப்பது வாஷியில், ஒரு ஃப்ளாட்டில். கல்லி கிடையாது, மெஷின் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் கதவில் ஒட்டியிருப்பதால் தெரியும். போன ஞாயிறு காலை என் மனைவி மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல எழுந்து போய் அணைத்தேன். கல்யாணமான புதிதில் இதற்குச் சண்டை போட்டவள், இப்போது கண்டுகொள்வதில்லை.

வழக்கமாக ஒன்றும் கேட்காது. குக்கர் சத்தம், கீழே கார் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், அவ்வளவுதான் இருக்கும். அன்றைக்கு, அரவை நின்ற அந்த அமைதியில், சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு பெண்ணின் குரல். ஒரே ஒரு வார்த்தை. என் மனைவியும் கேட்டாள். என்னைப் பார்த்தாள்.

நான் அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தேன்.

"எங்கே போறேள்?"

"பெருங்காயம் கேட்டுண்டு வரேன்."

எங்கள் வீட்டில் பெருங்காய டப்பா விளிம்பு வரை நிறைந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிறகு தானும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டாள். "நீங்க முன்னாடி போங்கோ. நான் சீனி கேக்கறேன்."

பக்கத்து வீட்டு வாசலில் நின்று பெல்லை அழுத்தினேன். உள்ளே அமைதியாகிவிட்டது. கதவு திறக்கும்வரை நான் விரலை எடுக்கவில்லை.